மக்கள் நலவாழ்வும் வட்டாரப் பொருளாதார வளர்ச்சியும்: அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள்

மக்கள் நலவாழ்வு என்பது ஒரு பகுதியில் வாழும் மக்கள் அனைவரின் உடல்நிலையையும் ஒட்டுமொத்தமாகக் குறிக்கும் சொல்லாகும். குழந்தை இறப்பு வீதம், மகப்பேறு இறப்பு வீதம், சராசரி ஆயுள், இரத்தசோகை, காசநோய் போன்றவற்றின் அளவு ஆகியவை இதனை அறிய உதவும் அளவுகோல்கள். வட்டாரப் பொருளாதார வளர்ச்சி என்பது ஒரு மாவட்டம் அல்லது வட்டாரத்தில் உற்பத்தியும் வேலைவாய்ப்பும் வருமானமும் பெருகுவதைக் குறிக்கும். நலமான மக்கள் நன்றாக உழைத்து வளர்ச்சியை உண்டாக்குகிறார்கள். வளர்ச்சியால் வரும் பணம் உணவாகவும் குடிநீராகவும் மருத்துவமனையாகவும் மாறி மக்களை நலமாக வைக்கிறது. ஆனால் இந்த இரண்டாவது மாற்றம் தானாக நடந்துவிடுவதில்லை. சுண்ணாம்புக்கல் வளம் மிக்க அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் இதற்குத் தமிழ்நாட்டிலேயே தெளிவான எடுத்துக்காட்டு ஆகும்.

மண்ணின் வளமும் மக்களின் நிலையும்

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ப் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகளும் எச்சங்களும் படிந்து உருவான சுண்ணாம்புக்கல் இன்று சிமெண்டின் மூலப்பொருளாக உள்ளது. அருகிலுள்ள டால்மியாபுரத்தில் 1939ஆம் ஆண்டிலேயே சிமெண்ட் ஆலை தொடங்கப்பட்டது. தமிழக அரசின் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் 1979ஆம் ஆண்டு அரியலூரில் ஆலை அமைத்தது. பின்னர் ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், தளவாய், கீழப்பழுவூர் முதலிய இடங்களில் தனியார் ஆலைகள் வந்தன. வி.கைகாட்டியை அடுத்த ரெட்டிபாளையம் இன்று சிமெண்ட் ஆலையால் அறியப்படும் ஊராகும்.

1995ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2001ஆம் ஆண்டு அரியலூர் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007ஆம் ஆண்டு நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அரியலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 7,54,894. பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 5,65,223.

இவ்வளவு தொழில் வளம் இருந்தும், 2017ஆம் ஆண்டு வெளியான தமிழ்நாடு மாநில மனிதவள மேம்பாட்டு அறிக்கையில் அப்போதிருந்த 32 மாவட்டங்களுள் அரியலூர் கடைசி இடத்தையும் பெரம்பலூர் அதற்கு முந்தைய இடத்தையும் பெற்றன. முதலிடம் பெற்ற கன்னியாகுமரியின் குறியீடு 0.944, பெரம்பலூரின் குறியீடு 0.447; அரியலூரின் குறியீடு 0.282. வாழ்க்கைத்தரம், கல்வி, நலவாழ்வு ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது இக்குறியீடு. இது மாவட்டங்களுக்கு இடையேயான ஏற்றத்தாழ்வைக் காட்டவே பயன்படுகிறது. உலக நாடுகளின் குறியீட்டோடு இதனை ஒப்பிடக் கூடாது. 2011ஆம் ஆண்டில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது அரியலூரின் எழுத்தறிவு 71.34 விழுக்காடாகவே இருந்தது.

ஆலைகள் நிறைந்த மாவட்டம் பட்டியலின் அடியில் நிற்பது எப்படி? ஒரு மாவட்டத்தில் உற்பத்தியாகும் மதிப்பு வேறு, அங்கு வாழும் மக்களின் கைக்கு வரும் வருமானம் வேறு என்பதே இதற்கு விடை. சிமெண்ட் ஆலை பெரும் முதலீட்டில், குறைந்த ஆட்களைக் கொண்டு இயங்குவது. அதன் இலாபம் பங்குதாரர்களுக்குச் செல்கிறது. வரி அரசின் பொதுக் கருவூலத்திற்குச் செல்கிறது. உள்ளூரில் தங்குவது கூலி, வாடகை, லாரித் தொழில், சிறு வணிகம் ஆகியவற்றால் வரும் பணமே. மாவட்ட மக்களில் பெரும்பாலோர் இன்றும் மானாவாரி நிலத்தில் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், முந்திரி ஆகியவற்றை நம்பி வாழ்பவர்கள். எனவே ஒரு வட்டாரத்தின் உற்பத்திக் கணக்கை மட்டும் பார்த்தால் வளர்ச்சி அம்மக்களிடம் தங்கியதா என்று தெரியாது. அவர்களின் உடல்நிலையைப் பார்த்தால் தெரியும்.

நலவாழ்வு வளர்ச்சியை உண்டாக்கும் விதம்

நல்ல உடல்நலம் பொருளாதாரத்திற்கு நான்கு வழிகளில் உதவுகிறது.

முதலாவது, வேலை நாட்கள். ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். ஒரு சிற்றூரில் 100 கூலித் தொழிலாளர்கள் உள்ளனர் என்றும், ஒவ்வொருவரும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்றவற்றால் மாதம் ஒரு நாள் வேலைக்குச் செல்ல முடியவில்லை என்றும் கொள்வோம். ஓராண்டில் இழக்கும் வேலை நாட்கள் 1,200. ஒரு நாள் கூலி 400 ரூபாய் எனில் அவ்வூர் ஆண்டுக்கு 4,80,000 ரூபாயை இழக்கிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்குபவரின் கூலியும் மருந்துச் செலவும் இதில் சேரவில்லை. சுத்தமான குடிநீர் கிடைத்து இந்த இழப்பில் பாதி குறைந்தாலும், அவ்வூர்க் கடைத்தெருவில் ஆண்டுதோறும் 2,40,000 ரூபாய் கூடுதலாகப் புழங்கும்.

இரண்டாவது, உழைக்கும் திறன். நோய் என்று படுக்காமலேயே உடல் வலுவிழக்கும் நிலை உண்டு. இரத்தசோகை அதில் முதன்மையானது. இரும்புச்சத்துக் குறைந்தால் இரத்தம் தசைகளுக்குக் கொண்டுசெல்லும் உயிர்வளி குறைகிறது; அதே வேலைக்கு அதிக களைப்பு உண்டாகிறது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. களையெடுப்பும் பருத்தி எடுப்பும் பெரும்பாலும் பெண்களின் வேலை என்பதால், இது வேளாண் உற்பத்தியையும் நேரடியாகப் பாதிக்கும். இந்தோனேசியாவில் ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளர்களிடம் 1970களில் நடந்த ஆய்வில், இரத்தசோகை உள்ளவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தபின் அவர்கள் எடுத்த பாலின் அளவு, நலமானவர்கள் எடுத்த அளவை நெருங்கியது. அவர்களுக்கு எடுக்கும் அளவைப் பொறுத்தே கூலி என்பதால் வருமானமும் உயர்ந்தது. அதே காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் நடந்த ஆய்விலும் இத்தகைய பலன் காணப்பட்டது.

மூன்றாவது, கல்வி. குடற்புழுவும் சத்துக்குறைவும் உள்ள குழந்தை வகுப்பில் அமர்ந்திருந்தாலும் பாடம் மனத்தில் தங்குவதில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1909ஆம் ஆண்டு ராக்ஃபெல்லர் நிதியுதவியுடன் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி தொடங்கியது. அப்போது அங்கு சோதிக்கப்பட்ட பள்ளிக் குழந்தைகளில் பத்துக்கு நான்கு பேர் அளவில் இப்புழு இருந்தது. புழு மிகுந்திருந்த பகுதிகளில், ஒழிப்புப் பணிக்குப்பின் பள்ளி வருகையும் எழுத்தறிவும் மற்ற இடங்களைவிட வேகமாக உயர்ந்தன. அக்குழந்தைகள் வளர்ந்தபின் வருமானமும் கூடியது என்று பொருளியல் அறிஞர் ஹோய்ட் பிளீக்லி 2007ஆம் ஆண்டு விளக்கினார். இந்தியப் பள்ளிகளில் ஆண்டுதோறும் வழங்கப்படும் குடற்புழு நீக்க மாத்திரையும், வளரிளம் பருவத்தினருக்கு வாரந்தோறும் வழங்கப்படும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையும் இந்தக் காரணத்தாலேயே பொருளாதார முதலீடுகளும் ஆகின்றன.

நான்காவது, சேமிப்பு. ஒரு பெரிய நோய் வந்தால் ஏழைக் குடும்பம் முதலில் நகையை அடகு வைக்கிறது; பிறகு ஆட்டையும் மாட்டையும் விற்கிறது; கடைசியில் நிலத்தை விற்கிறது. இவை அக்குடும்பத்தின் உற்பத்திக் கருவிகள். நோய் குணமான பிறகும் இழந்த கருவிகள் திரும்புவதில்லை. இதனால் பிள்ளைகளின் படிப்பு நிற்பதும் உண்டு. ஆகவே கட்டணமில்லா மருத்துவமும் மருத்துவக் காப்பீடும் நோயைத் தீர்ப்பதோடு குடும்பத்தின் முதலையும் காக்கின்றன.

இவை நீண்ட காலத்தில் எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதைப் பொருளியல் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ஃபோகல் கணக்கிட்டார். பிரிட்டனில் 1790 முதல் 1980 வரை தனிநபர் வருமானத்தில் ஏற்பட்ட வளர்ச்சியில் சுமார் 30 விழுக்காடு, மக்களுக்குக் கிடைத்த ஊட்டம் மேம்பட்டதால் வந்தது என்பது அவரது மதிப்பீடு.

சென்னையில் நடந்த ஒரு சோதனை

1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் இணைந்திருந்தன. அக்காலத்தில் காசநோயாளிகள் பல மாதங்கள் மருத்துவ விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டும் என்று கருதப்பட்டது. ஏழைக் குடும்பத்தின் உழைப்பாளி அவ்வளவு காலம் வீட்டைவிட்டு விலகினால் அக்குடும்பம் சிதைந்துவிடும். சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றொரு பிரிவினருக்கு விடுதியிலும் சிகிச்சை அளித்து ஒப்பிட்டனர். வீட்டிலேயே மருந்து உட்கொண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர் என்பதும், அவர்களது குடும்பத்தினருக்கு நோய் பரவுவது அதனால் கூடவில்லை என்பதும் தெரியவந்தது. 1959ஆம் ஆண்டு வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை முறையை மாற்றியது. மருத்துவத்தை மக்களின் வாழ்க்கைக்கு ஏற்றபடி அமைத்தால் உயிரும் பிழைப்பும் சேர்ந்தே காக்கப்படும் என்பதற்கு இது சான்றாகும்.

வளர்ச்சி நலவாழ்வாக மாறும் விதம்

வருமானம் உயர்ந்தால் உணவு, வீடு, கழிப்பறை, மருத்துவம் எல்லாம் மேம்படும் என்பது உண்மையே. ஆனால் வருமானம் மட்டும் போதாது என்பதை மக்கள்தொகையியல் அறிஞர் சாமுவேல் பிரஸ்டன் 1975ஆம் ஆண்டு காட்டினார். 1930களுக்கும் 1960களுக்கும் இடையில் உலகில் சராசரி ஆயுள் உயர்ந்ததில் பெரும்பகுதி, வருமான உயர்வால் அல்லாமல் தடுப்பூசி, பொதுச் சுகாதாரம், மருத்துவ அறிவு போன்றவற்றால் வந்தது என்று அவர் கண்டார். குறைந்த வருமானத்திலேயே நல்ல நலவாழ்வை எய்திய பகுதிகளாக 1985ஆம் ஆண்டு நடந்த ஒரு பன்னாட்டு மாநாட்டில் கேரளம், இலங்கை, சீனா, கோஸ்டா ரிக்கா ஆகியவை எடுத்துக்காட்டப்பட்டன.

தமிழ்நாடும் இவ்வழியில் நெடுந்தூரம் வந்துள்ளது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், காமராசர் காலத்தில் 1956இல் தொடங்கிய மதிய உணவு, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் விரிந்த சத்துணவுத் திட்டம், 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்க 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், 2008இல் வந்த 108 அவசர ஊர்தி, 2009இல் தொடங்கிய அரசு மருத்துவக் காப்பீடு, 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஆகியவை அதன் படிக்கட்டுகள். 2020ஆம் ஆண்டில் ஆயிரம் பிறப்புகளுக்கு இந்தியாவில் 28 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 13. மகப்பேறு இறப்பு 2018–20 காலத்தில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. இவை மாநிலச் சராசரிகள் என்பதை மறக்கக் கூடாது. மாவட்டங்களுக்குள் இருக்கும் இடைவெளியைச் சராசரி மறைத்துவிடும்.

அரியலூர் மாவட்டத்தில் நெடுங்காலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இல்லை. தலைக்காயம், சிக்கலான பிரசவம், மாரடைப்பு போன்றவற்றுக்கு நோயாளிகள் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ அனுப்பப்பட்டனர். இத்தகைய நிலைகளில் ஒவ்வொரு கிலோமீட்டரும் உயிருக்கு எதிரான நேரமாகும். 2022ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் தமிழ்நாட்டில் ஒரே நாளில் தொடங்கிவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் அரியலூரும் ஒன்று. டால்மியாபுரத்தில் முதல் சிமெண்ட் ஆலை வந்ததற்கும் இக்கல்லூரி வந்ததற்கும் இடையில் 83 ஆண்டுகள் கழிந்தன.

வளர்ச்சியே நோயைத் தரும்போது

தொழில் வளர்ச்சி வருமானத்தோடு சில தீங்குகளையும் கொண்டுவரும். சுண்ணாம்புக்கல்லை வெடிவைத்து உடைக்கும்போதும், அரைக்கும்போதும், ஏற்றிச் செல்லும்போதும் தூசி எழுகிறது. சிமெண்ட் தூசி காரத்தன்மை உடையது; கண், தோல், மூச்சுக்குழாய் ஆகியவற்றை உறுத்தும். தூசியில் படிகச் சிலிக்கா கலந்திருந்தால், பல ஆண்டுகள் அதனைச் சுவாசிப்பவர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரலாம். இதற்கு முழுமையான சிகிச்சை கிடையாது. இந்நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். தூசிவடிகட்டிகள், மூடிய கடத்துபட்டைகள், சாலையில் நீர் தெளித்தல், லாரிகளைத் தார்ப்பாயால் மூடுதல், முகக்கவசம், காலமுறை மருத்துவப் பரிசோதனை ஆகியவை தடுக்கும் வழிகள். நிரந்தரத் தொழிலாளிக்குக் கிடைக்கும் பரிசோதனை ஒப்பந்தத் தொழிலாளிக்கும் லாரி ஓட்டுநருக்கும் கிடைக்கிறதா என்பது முக்கியமான கேள்வி. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைகளில் நேரும் விபத்துகளும் இப்பகுதியின் நலவாழ்வுச் சிக்கல்களுள் ஒன்றாகும்.

வேளாண்மையிலும் இதே நிலை உண்டு. 2017ஆம் ஆண்டு மகாராட்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்த தொழிலாளர்கள் பலர் நச்சுப் பாதிப்பால் இறந்தனர். அதே ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்து தெளித்த விவசாயிகள் சிலர் உயிரிழந்தனர். ஆளுயரம் வளர்ந்த பருத்திச் செடிகளுக்கு இடையே, முகக்கவசமும் கையுறையும் இன்றி, காற்றுக்கு எதிராக நின்று தெளிப்பது ஆபத்தை மிகுதியாக்கும். அவ்வாறு ஒரு விவசாயி இறந்தால், அந்த ஆண்டின் பருத்தி விலை எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அக்குடும்பத்திற்கு அது வளர்ச்சி ஆகாது.

கனிம வருவாயும் மக்கள் நலவாழ்வும்

சுரங்கம் உள்ள பகுதிக்கு அதன் வருவாயில் ஒரு பங்கு திரும்பி வர வேண்டும் என்பதற்காக 2015ஆம் ஆண்டு கனிமச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி ஒவ்வொரு சுரங்க மாவட்டத்திலும் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்கப்படுகிறது. 2015 சனவரி 12க்கு முன் வழங்கப்பட்ட குத்தகைகளில் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையின் 30 விழுக்காட்டுக்கு இணையான தொகையும், அதற்குப்பின் ஏலத்தில் வழங்கப்பட்டவற்றில் 10 விழுக்காட்டுக்கு இணையான தொகையும் இந்த அறக்கட்டளைக்குக் கூடுதலாகச் செலுத்தப்பட வேண்டும்.

2014ஆம் ஆண்டு நிர்ணயிக்கப்பட்ட விகிதப்படி சிமெண்டுக்குப் பயன்படும் சாதாரண வகைச் சுண்ணாம்புக்கல்லுக்கு உரிமத்தொகை டன்னுக்கு 80 ரூபாய். பழைய குத்தகை எனில் அதில் 30 விழுக்காடான 24 ரூபாய் அறக்கட்டளைக்கு வரும். 10 இலட்சம் டன் வெட்டி எடுத்தால் 2 கோடியே 40 இலட்சம் ரூபாய் சேரும். 2015ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் இந்நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டைக் குடிநீர், நலவாழ்வு, சுற்றுச்சூழல், கல்வி, துப்புரவு, பெண்கள் குழந்தைகள் நலம் போன்ற முன்னுரிமைப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று கூறியது. பூமியிலிருந்து எடுத்த கல் திரும்ப வராது. அதற்கு ஈடாக வரும் பணம் துணை சுகாதார நிலையமாகவோ, நுரையீரல் பரிசோதனை முகாமாகவோ, சுத்தமான குடிநீராகவோ மாறினால்தான் கல் தீர்ந்தபிறகும் அதன் பயன் அவ்வூரில் இருக்கும். இந்நிதி எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதைக் கிராம சபையில் கேட்டறிவது குடிமக்களின் உரிமை.

அறிஞர்களின் மாறுபட்ட கருத்து

நலவாழ்வு உயர்ந்தால் வளர்ச்சி உறுதி என்று எல்லா அறிஞர்களும் ஏற்பதில்லை. டேரன் அசெமோக்லு, சைமன் ஜான்சன் ஆகியோர் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 1940களுக்குப்பின் பல நாடுகளில் ஆயுள் விரைவாக உயர்ந்தபோதும் தனிநபர் வருமானம் அதற்கேற்ப உயரவில்லை என்றனர். மக்கள்தொகை பெருகியதால் நிலமும் முதலீடும் அதிகம் பேருக்குப் பகிரப்பட்டது அவர்கள் கூறிய காரணம். கேரளமும் நலவாழ்வில் முன்னேறிய பிறகும் சில பத்தாண்டுகள் மெதுவாகவே வளர்ந்தது. நலமான மனிதருக்கு வேலையும் கல்வியும் கருவியும் கிடைத்தால்தான் நலம் வருமானமாக மாறும் என்பதே இதிலிருந்து பெறும் பாடம். ஆயினும் உயிரோடும் வலுவோடும் வாழ்வது தன்னளவிலேயே வளர்ச்சியின் நோக்கம் என்பதால், இம்மாறுபாடு நலவாழ்வுச் செலவைக் குறைப்பதற்குக் காரணமாகாது.

மாறிவரும் தேவைகள்

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 2019–21இல் 1.8 ஆகக் குறைந்துள்ளது. இதனால் வருங்காலத்தில் உழைக்கும் வயதினர் குறைந்து முதியோர் பெருகுவர். இருக்கும் உழைப்பாளிகள் நீண்டகாலம் நலமாக இருப்பது முன்னைவிட அவசியமாகிறது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் கிராமங்களிலும் பரவியுள்ளன. இந்நோயாளிகளுக்கு வீட்டிற்கே சென்று மருந்து வழங்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழக்காமல் இருக்க இது உதவுகிறது.

இப்பகுதியிலிருந்து பலர் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். அங்கு வேலை அனுமதி பெற மார்பு எக்ஸ்ரே உள்ளிட்ட மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். முகவருக்குப் பணம் கட்டியபின் நுரையீரலில் குறை தெரிந்தால் பயணம் நின்றுபோகும். வாங்கிய கடன் நிற்கும். ஒரு குடும்பத்தின் எதிர்கால வருமானம் ஓர் எக்ஸ்ரே படத்தைச் சார்ந்திருப்பதை இங்கு காணலாம்.

ஓர் ஊரின் வளர்ச்சியை அறிய விரும்பும் மாணவர், அங்குள்ள ஆலைகளின் எண்ணிக்கையோடு மேலும் சிலவற்றைக் கேட்டறியலாம். அங்கன்வாடிக் குழந்தைகளின் எடை வயதுக்கேற்ப உள்ளதா, கர்ப்பிணிகளின் இரத்த அளவு என்ன, குடிநீர் எங்கிருந்து வருகிறது, அவசர நோயாளி எவ்வளவு நேரத்தில் மருத்துவரை அடைகிறார், ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் மூச்சுத்திணறல் இன்றி வாழ்கிறார்களா என்பன அக்கேள்விகள். இவற்றுக்கான விடைகள் ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்டால், அவ்வூரின் வளர்ச்சி மக்களைச் சென்றடைகிறது எனக் கொள்ளலாம்.